கமராவின் முன் கலையும் இல்லறம்

பிணக்குற்ற கணவன் மனைவியரைப் படம்பிடித்துப் பரீட்சைக்குச் சமர்ப்பிக்க விழையும் திரைக்கலை மாணவர்க்கு ஒரு சொல். உண்மையைக் காட்டுதல் கலையின் கடனே, மறுப்பாரில்லை. ஆயின், யாருடைய உண்மை அது?

1971ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா நகரில், லவுட் குடும்பத்தாரின் அன்றாட வாழ்வைக் கமரா ஏறத்தாழ ஏழு திங்கள் தொடர்ந்தது. திரண்டதோ சுமார் 300 மணி நேரப் படம். 1973இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி காட்டியதோ 12 பகுதிகள். கணவனை வீட்டைவிட்டு வெளியேறுமாறு மனைவி கூறிய வேளையையும் நாடே பார்த்திருந்தது! வெட்டித் தொகுத்த முறை தம்மைத் திரித்துவிட்டதெனக் குடும்பத்தார் பின்னர்க் குமுறினர்.

முதல் நாள் தந்த இசைவு, இல்லறம் இடிந்த இறுதி நாளுக்கும் செல்லுமோ? செல்லாது. சிரித்தபோது 'ஆம்' என்றவர், அழும்போது 'நிறுத்து' என்னும் உரிமையை இழந்தவரல்லர். கமரா வெறும் சாட்சியுமன்று. அது நிற்கும் வீட்டில் சண்டைக்கும் சபை கூடிவிடுகிறது.

ஆகவே, படம் அரங்கேறுமுன் இருவரும் தனித்தனியே அதனைப் பார்க்கட்டும். ஒருவர் மறுப்பினும் பெட்டியை மூடுக! இழந்த புள்ளியை அடுத்த தவணையில் ஈட்டலாம். சந்தியில் சிந்திய மானத்தை எத்தவணையில் மீட்பது?