வக்கீலுக்கு ஏது சார் மாநிலம்?

காவிரியில் தண்ணீர் குறைந்தால் போதும், தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் இருந்து எங்கள் காலேஜ் கேன்டீன் வரைக்கும் ஒரே டயலாக்தான். "எல்லாம் அந்த நாரிமனால் வந்தது. கர்நாடகாவுக்கு எப்படி வாதாடலாம்?" கேட்டுக் கேட்டு காது புளித்துவிட்டது. திட்ட நினைப்பவர்கள் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டவும் :-)

முதலில் ஃபாலி நாரிமன் கன்னடரே இல்லை. 1929ல் ரங்கூனில் பிறந்த பார்சி. பம்பாயில் வக்கீலாகி, 1972ல் டெல்லிக்குப் போனவர். காவிரி வழக்கில் முப்பது வருஷத்துக்கு மேல் கர்நாடகாவின் வக்கீல். சரி, நமக்கு வாதாடியவர்கள் எல்லோரும் திருவையாற்றுக்காரர்களா? தமிழ்நாட்டுக்காக நின்ற சேகர் நாபடே பம்பாய் ஹைகோர்ட்டில் பெயர் வாங்கியவர். அவரை யாராவது "உனக்கு இங்கே என்ன வேலை" என்று கேட்டோமா?

தஞ்சாவூர் ஆடிட்டர் பெங்களூர் கம்பெனியின் கணக்கில் கையெழுத்துப் போட்டால் பெருமைப்படுகிறோம். வக்கீல் என்றால் மட்டும் ஏன் கசக்கிறது? எந்த மாநில பார் கவுன்சிலில் பதிந்திருந்தாலும் நாடு முழுக்க வாதாடலாம் என்று 1961ம் வருஷ வக்கீல்கள் சட்டத்தின் 30வது பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது 2011 ஜூனில்! ஐம்பது வருஷம் தூங்கியிருக்கிறது. (நம் அரியர் பேப்பரெல்லாம் எவ்வளவோ பரவாயில்லை.)

2007ல் கோவையில் மோதல் நடந்தபோது, போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று 2010 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் அடித்துச் சொன்னது. நாரிமன் ஆஜராகியிருக்கக் கூடாது என்பவர்கள் கேட்பதும் அதே தீர்மானத்தைத்தான்.

அவர் என்ன கண்ணை மூடிக்கொண்டா நின்றார்? 2016 செப்டம்பரில் கோர்ட் உத்தரவிட்டும் கர்நாடகா தண்ணீர் விடாதபோது, இனி இதற்கு மேல் வாதாட மாட்டேன் என்று கோர்ட்டிலேயே சொன்னவர் அவர். 2024 பிப்ரவரியில் இறந்தபோது இது எத்தனை பேருக்கு ஞாபகம் இருந்ததோ.

2018 தீர்ப்பில் நம் பங்கு 14.75 டி.எம்.சி. குறைந்தது உண்மை. வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் கோர்ட் சொன்ன காரணங்கள் இரண்டு: டெல்டாவின் நிலத்தடி நீர், பெங்களூரின் குடிநீர். சண்டை போடுவதானால் அந்தக் கணக்கோடு போடுங்கள்.

கோபப்பட வேறு இடம் இருக்கிறது. 1983ல் சுப்ரீம் கோர்ட் படியேறியது டெல்டா விவசாயிகளின் சங்கம். அந்த வழக்கில் 1990 மே மாதம் வந்த தீர்ப்பால்தான் ஜூனில் நடுவர் மன்றமே அமைந்தது. ஏழு வருஷம்! இன்றைக்கு ஒரு விவசாயி அதே படியேற நினைத்தால், இங்கே தனக்குத் தெரிந்த வக்கீலை அழைத்துப் போய் வாதாட வைக்கலாம். மனு தாக்கல் செய்ய மட்டும் கோர்ட்டில் இருந்து 16 கிலோமீட்டருக்குள் ஆபீஸ் வைத்திருக்கும் பதிவு பெற்ற டெல்லி வக்கீல் ஒருவர் வேண்டும். வாதத்தை வீடியோவில் கேட்கிறார்கள், மனுவைக் கம்ப்யூட்டரில் வாங்குகிறார்கள். அப்புறமும் எதற்கு அந்த 16 கிலோமீட்டர்? இதைக் கேட்டு யாராவது பஸ் ஸ்டாண்டில் கத்தினால் நானும் சேர்ந்து கத்தத் தயார்.