பழைய பைக்கும் பஞ்சிகாவத்தைப் பயணமும்

"நானா, நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்க. மாசம் பொறந்தா சம்பளத்துல பாதி பஞ்சிகாவத்தைக்குத்தான் போகுது. விறாந்தையில கால் வைக்க இடமில்ல, எல்லாம் இரும்பு!"

மாவனல்லைக்குப் போயிருந்தபோது என் தங்கை இப்படித்தான் முறையிட்டாள். குற்றவாளி அவளுடைய மூத்த மகன். குற்றம்? எங்கள் வாப்பா ஓட்டிய பீ.எஸ்.ஏ. பான்டம் மோட்டார் சைக்கிளைக் கொட்டிலிலிருந்து வெளியே எடுத்து, துண்டு துண்டாகக் கழற்றிப் போட்டிருப்பது!

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இல்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைவெளியில் பழையதைத் திருத்தி ஓட்டும் ஆசை பல வீடுகளில் புகுந்துகொண்டது. ஆகவே இது என் தங்கையின் வீட்டுக் கதை மட்டுமல்ல.

வாசகர்களே, முதலில் இந்தப் பான்டத்தின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் டீ.கே.டபிள்யூ. நிறுவனம் 1939இல் ஆர்.டி. 125 என்றொரு சிறிய பைக்கை உருவாக்கியது. போரில் ஜெர்மனி தோற்றதும் அதன் வரைபடங்கள் நட்டஈடாக வென்றவர்களின் கைக்குப் போயின. பர்மிங்ஹாமில் பீ.எஸ்.ஏ. அதை இடம் வலமாகத் திருப்பிப் போட்டு 1948இல் பான்டம் டீ1 என வெளியிட்டது. ரஷ்யாவின் மொஸ்க்வா, அமெரிக்க ஹார்லி டேவிட்சனின் 125, 1955இல் வந்த யமஹாவின் முதல் பைக் எல்லாம் அதே வயிற்றுப் பிள்ளைகள்தான்!

மருமகனிடம் போய் அமர்ந்தேன். முகம் வாடியிருந்தது. "மாமா, எஞ்சின் மூடியில ஒரு போல்ட் இல்லாம இருந்திச்சி. கடையில குடுத்தத முறுக்கினேன். புரி எல்லாம் அரைஞ்சி போச்சி" என்றான்.

நடந்தது இதுதான். பான்டத்தில் பெரும்பாலும் இருப்பது பிரிட்டிஷ் சைக்கிள் புரி. ஓர் அங்குலத்துக்கு 26 புரிகள். கடைக்காரர் கொடுத்ததோ 8 மில்லிமீட்டர் போல்ட். அதில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 20 புரிகள்தான். ஐந்தின் கீழ் பதினாறு அங்குலம் என்பது 7.94 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் ஒரு சுற்று இலேசாக ஏறும். அதற்குமேல் பலவந்தம் பண்ணினால் மென்மையான அலுமினியம் தோற்றுவிடும். சில ரூபாய் போல்ட் ஒன்று, தேடினாலும் எளிதில் கிடைக்காத எஞ்சின் கூட்டைக் கெடுத்துவிட்டது.

"கவலைப்படாதே" என்று அவனை எங்கள் ஊர் லேத் பாஸிடம் கூட்டிப் போனேன். துளையைச் சற்றுப் பெரிதாக்கி, புதுப் புரி வெட்டி, கம்பிச் சுருள் ஒன்றை உள்ளே இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பாஸ் சொன்னவற்றையும் நான் பட்டறிந்தவற்றையும் சேர்த்து, உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

கொழும்புக்குப் பஸ் ஏறுமுன் பட்டியல் எழுதுங்கள். பெயரை மட்டும் எழுதிப் பயனில்லை. "பான்டம் பிஸ்டன்" என்று கேட்டால் எந்தப் பான்டம்? டீ1 என்றால் 123 சீசீ, சிலிண்டர் வாய் 52 மில்லிமீட்டர். டீ3 என்றால் 57. டீ7 என்றால் 61.5. ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. பழைய பாகத்தைத் துடைத்துக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் பைக்கின் பெயரைச் சொல்லத் தேவையுமில்லை. பெயரிங்கின் ஓரத்தில் எண் வெட்டியிருக்கும். 6204 என்றால் உள்வட்டம் 20, வெளிவட்டம் 47, அகலம் 14 மில்லிமீட்டர். உலகில் எந்தக் கம்பனி செய்தாலும் அளவு அதுவே. ஒயில் சீலிலும் பெரும்பாலும் அளவு அச்சாகியிருக்கும். எண்ணைச் சொல்லிப் பெயரிங் கடையில் கேட்டால் நியாயமான விலை. "பழைய பிரிட்டிஷ் பைக்குக்கு" என்று சொன்னால் விலையும் பிரபு வம்சமாகிவிடும்!

பணத்தை எங்கே மிச்சம் பிடிப்பது, எங்கே பிடிக்கக் கூடாது? மட்கார்ட், டூல் பெட்டி, லாம்பு மூடி போன்றவற்றை ஒட்டித் தட்டிப் பூசிக்கொள்ளலாம். ஆனால் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் சீல் விஷயத்தில் கஞ்சத்தனம் ஆகாது. தேய்ந்த சீல் வழியாக வெளிக்காற்று புகுந்தால் பெற்றோல் கலவை மெலிந்து, சூடு ஏறி, பிஸ்டன் இறுகிப் பிடித்துவிடும். ஓடும்போது பிடித்தால் பின்சில்லும் பூட்டிக்கொள்ளும். விழுவது பைக் மட்டுமல்ல.

சிலிண்டரைப் போர் பண்ணுவதாக இருந்தால், முதலில் பிஸ்டனை வாங்குங்கள், பிறகு வெட்டுங்கள். பிஸ்டன் தலையில் 020 என்றிருந்தால் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு பெரியது என்று பொருள். வெட்டிவிட்டுப் பிஸ்டன் தேடி அலைந்தவர்கள் பலர்.

இங்கிலாந்தில் பான்டம் பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. தபாற் செலவும் சுங்கத் தீர்வையும் இருப்பதால் நண்பர்கள் சேர்ந்து ஒரே பொதியாகத் தருவிப்பது புத்தி.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 1519 என்றால் 2019ஆம் ஆண்டின் 15ஆவது வாரம் செய்தது. மூன்றே இலக்கமென்றால் 2000க்கு முந்தியது. பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வேண்டாம். பழைய பிரேக் சூவில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அந்தத் தூசை வாயால் ஊதாதீர்கள்; ஈரத் துணியால் துடையுங்கள். விறாந்தையில் சிறு பிள்ளைகள் விளையாடும் வீடுகளில் இது மிக முக்கியம்.

இன்னொன்று. மலிவாக ஒரு முழு எஞ்சின் வருகிறது என்று யாராவது சொன்னால், எண்ணைப் பாருங்கள், பதிவுப் புத்தகத்தைக் கேளுங்கள். எண் சுரண்டப்பட்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அடுத்தவன் வீட்டில் களவு போனது நம் முற்றத்துக்கு வரக் கூடாது.

எல்லாம் கேட்டுவிட்டு மருமகன் மெதுவாகச் சொன்னான்: "மாமா, ரெடியானதும் ரேஸுக்கும் செட் பண்ணலாமா?" 1934இல் தொடங்கிய நுவரெலியா மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியைப் பற்றி அவனுடைய கூட்டாளிகள் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். "ரேஸ் எஞ்சின் வேறு, வீட்டு எஞ்சின் வேறு. அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும், ஆயுள் குறையும். வாப்பாட எஞ்சினை வெட்டாதே. ஆசை இருந்தால் வேறொன்றைத் தேடு. அதற்கும் முதல் ஹெல்மட்டை வாங்கு" என்றேன்.

ஹெல்மட்டை மட்டும் ஒருபோதும் பழையதாக வாங்காதீர்கள். உள்ளேயிருக்கும் நுரை ஒரே அடிக்காகச் செய்யப்பட்டது. ஒருமுறை நசுங்கினால் மீளாது. வெளியே கீறல்கூடத் தெரியாது. ஈ.சீ.ஈ. 22.06 போன்ற தர அடையாளம் பார்த்து, தலைக்கு இறுக்கமாக, புதிதாக வாங்குங்கள்.

அன்று அவனுடைய பட்டியலில் 11 சாமான்கள் இருந்தன. அளந்து பார்த்தபின் மிஞ்சியது நான்கு. நான்காவது ஹெல்மட்.

தாய்மார்களே, பிள்ளையைத் திட்டித் தடுப்பதைவிடப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். என் தங்கையும் இப்போது அதைத்தான் செய்கிறாள். போன வெள்ளி தொலைபேசியில் அழைத்தாள். "நானா, கிக்கர் அடிச்சான். ரெண்டு தரம் இருமிட்டு நின்டுட்டு. ஆனா அந்தச் சத்தம் வாப்பாட பைக் சத்தம்தான்" என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை.