சத்தம் தெருவுக்கு, பின்சில்லு யாருக்கு?

பரமேஸ்வராச் சந்தியில் பத்து நிமிசம் நின்றால் போதும், எங்கட தலைமுறை மோட்டார் சைக்கிளில் எதுக்குக் காசு செலவழிக்குது எண்டு காதாலேயே கண்டுபிடிக்கலாம். கொம்பனி பூட்டிவிட்ட சைலன்சரைக் கழட்டியாச்சு, இல்லாட்டி உள்ளுக்கிருக்கிற தடுப்பை வெட்டி எடுத்தாச்சு. அதே வண்டியின் பின்சில்லைக் குனிந்து பாருங்கோ. செயின் துருப்பிடித்துத் தொங்கும். ரயரின் நடுப்பகுதி வழுக்கையாய் இருக்கும். சைலன்சருக்குக் காசு சேர்க்கிற நாங்கள்தான் செயின் செற் எண்டால் "அடுத்த மாசம் பாப்பம்" எண்டு சொல்லுறம்.

இதுக்குச் சொல்லப்படும் நியாயங்கள் இரண்டு. ஒன்று, "பவர் கூடும்". சின்ன எஞ்சினில் காபரேற்றரும் சைலன்சரும் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் செய்யப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினால் பெற்றோல், காற்றுக் கலவை குழம்பும். குறைந்த வேகத்தில் இருந்த இழுவையும் குறையலாம். கூடுறது சத்தம் மட்டும்தான். மற்றது, "சத்தம் கேட்டால்தானே ஆக்கள் விலகுவினம்". சைலன்சரின் வாய் பின்பக்கம் பார்த்திருக்கு. ஒழுங்கையால் குறுக்கே வாறவர் எங்களுக்கு முன்னால் நிற்கிறார். அதோட, ஷெல் சத்தத்துக்குள் வாழ்ந்தவை இப்பவும் எங்கட வீடுகளில் இருக்கினம். இரவில் "டப் டப்" எண்டு வெடிக்க விடுறது அவைக்கு விளையாட்டில்லை.

இதையும் விட மோசமான வேலை ஒன்று இருக்கு. வடிவுக்காகச் சாறிக் கார்ட்டைக் கழட்டுறது. எங்கட வீதிகளில் ஓடுற பஜாஜ், ரிவிஎஸ் எல்லாம் இந்தியத் தயாரிப்புகள். பின்னால் இருப்பவரின் உடுப்பு சில்லுக்குள் சிக்காமல் மறைப்பு இருக்க வேணும் எண்டு அந்த நாட்டு மோட்டார் வாகன விதியிலேயே எழுதியிருக்கு. நாங்கள் அதைக் கழட்டிப்போட்டு, அம்மாவைச் சாறியோட ஏத்துறம், தங்கச்சியை ஷோலோட ஏத்துறம். சத்தம் தெருவில் நிற்கிறவைக்குக் காட்ட. பின்சில்லின் மேல் இருக்கிறது எங்கட வீட்டு ஆக்கள்.

பொலிசையும் சும்மா விட ஏலாது. 2025 தொடக்கத்தில் மாற்றியமைத்த சைலன்சர்களையும் கலர் லைற்றுகளையும் பிடிக்கத் தொடங்கினார்கள். நல்லது. ஆனால் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுறதைத்தான் பிடிக்கினம். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு வருசா வருசம் புகைப் பரிசோதனை செய்யிறம். அங்கே சோதிக்கிறது புகையை. பெடியள் எல்லாரையும் காவாலி எண்டு திட்டுற பெரியாக்களின் வண்டிச் செயினும் எண்ணெய் கண்டு கனகாலம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை புது வண்டிகள் வருவது குறைந்து போனது. அதனால் எங்களில் கனபேர் ஓடுறது பழைய வண்டிகள். பழைய வண்டிக்குத்தான் பராமரிப்பு கூட வேணும். அது பெரிய வித்தையும் இல்லை. எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, சில்லைக் கையால் சுற்றி, மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு செயினைக் கழுவித் துடைத்து, கியர் ஒயில் விடலாம். ரயரில் ஒயில் படக்கூடாது. செயின் தளர்வு பெரும்பாலான வண்டிகளுக்கு 2 முதல் 3 சென்ரிமீற்றர். கையேட்டில் சரியான அளவு இருக்கு. இறுக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே அளவாக இறுக்க வேணும், இல்லாட்டிச் சில்லு கோணலாகும். ஸ்புரொக்கற் பல்லுகள் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் செயினோட சேர்த்து செற்றாகவே மாற்ற வேணும். தளர்ந்த செயின் ஓடும்போது கழண்டு பின்சில்லை இறுக்கிப் பிடித்தால், உங்கட சைலன்சர் என்ன சத்தம் போட்டாலும் வண்டி உங்கட சொல்லுக் கேளாது.

அடுத்தமுறை கராஜுக்குப் போனால் முதலில் பின்சில்லைக் காட்டுங்கோ. செயின், ரயர், பிறேக், சாறிக் கார்ட் எல்லாம் சரியாக்குங்கோ. மிச்சக் காசு இருந்தால் பழைய சைலன்சரைத் திரும்பப் பூட்டுங்கோ.