வேந்தருக்கும் முதல்வருக்கும் ஏரிக்கரையிலிருந்து ஒரு மடல்

மாண்புமிகு வேந்தராகிய ஆளுநர் அவர்களே, மாண்புமிகு முதலமைச்சர் அவர்களே,

சென்னைப் பல்கலைக்கழகத்தின் புதிய துணைவேந்தரை வரவேற்று ஒரு மடல் எழுத வேண்டும் என்பதுதான் என் ஆசை. யாரை வரவேற்பது என்று தெரியவில்லை. முந்தைய துணைவேந்தர் பேராசிரியர் கௌரி பதவிக்காலம் முடிந்து விடைபெற்றது 2023 ஆகஸ்டில். இது 2025 டிசம்பர். அந்த இருக்கைக்கு இன்னும் ஒருவரை நீங்கள் இருவரும் சேர்ந்து அனுப்பி வைக்கவில்லை. ஆகவே அவருக்கு எழுத வேண்டியதை உங்களுக்கு எழுதுகிறேன். ஒரே மடலை இருவருக்கும் எழுதுவதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தனித்தனியாக எழுதினால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுவீர்கள் என்பதை இரண்டு ஆண்டுகளாகச் செய்தித்தாள் படித்துத் தெரிந்துகொண்டோம்.

பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில், ஆந்திர எல்லையைத் தொட்டாற்போல் இருக்கும் எங்கள் ஊரான ஆரம்பாக்கத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று உங்கள் அலுவலர்கள் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. காலையில் ஆரம்பாக்கம் ரயில் நிலையத்தில் சற்று நேரம் நின்றால் தெரியும். விடியுமுன் வலையில் விழுந்த இறாலையும் மடவையையும் கூடையில் அடுக்கிக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். அதே நடைமேடையில் புத்தகப் பையோடு அவர்களுடைய பிள்ளைகளும் நிற்பார்கள். எளாவூர், கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை தாண்டி பொன்னேரியில் இறங்கினால் அரசு கலைக் கல்லூரி. அந்தக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. சுண்ணாம்புக்குளம் பக்கத்திலிருந்தும் ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்தும் போகும் பிள்ளைகளில் பலர் அவரவர் வீட்டில் முதல் பட்டதாரி. சேப்பாக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தை அவர்களில் பலர் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர்கள் எழுதும் தேர்வு, வாங்கும் மதிப்பெண், நாளை வேலை கேட்டுப் போகும்போது நீட்டும் பட்டம் எல்லாவற்றிலும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கிறது.

உங்கள் இருவர் மீதும் நாங்கள் முழு நம்பிக்கை வைத்துத்தான் தொடங்கினோம். இப்போதும் அதை முற்றாக விட்டுவிடவில்லை. 2022 ஏப்ரலில் சட்டப்பேரவை துணைவேந்தர் நியமனம் பற்றிய சட்ட முன்வரைவுகளை நிறைவேற்றியபோது, மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கே துணைவேந்தரை நியமிக்கும் உரிமை வேண்டும் என்றார் முதலமைச்சர். குஜராத்தில் அப்படித்தான் நடக்கிறது என்று காட்டினார். மத்திய, மாநில உறவுகளை ஆராய்ந்த பூஞ்சி ஆணையத்தின் பரிந்துரையையும் எடுத்துச் சொன்னார். சரியான வாதம் என்றே எங்களுக்குப் பட்டது. துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழுவில் பல்கலைக்கழக மானியக் குழுவின் பிரதிநிதி இருந்தாக வேண்டும், 2018 விதிமுறைகள் அதைத்தான் சொல்கின்றன, தகுதிக்கு அதுவே காப்பு என்றது வேந்தர் தரப்பு. அதையும் நாங்கள் மறுக்கவில்லை. இரண்டு பேரும் பிள்ளைகளின் நன்மைக்காகவே பேசுகிறீர்கள் என்று நம்பினோம். நல்ல நோக்கமுள்ள இருவர் உட்கார்ந்து பேசினால் சில வாரங்களில் முடியக்கூடிய காரியம் என்றும் நினைத்தோம்.

நடந்தது வேறு. 2023 செப்டம்பரில் வேந்தர் ஒரு தேடுதல் குழு அமைத்தார். அதே மாதம் அரசு, மானியக் குழுப் பிரதிநிதி இல்லாமல் வேறொரு குழுவை அரசிதழில் அறிவித்தது. நாற்காலி ஒன்று, குழு இரண்டு. 2024 ஜனவரியில் வேந்தர் தம் அறிவிக்கையைத் திரும்பப் பெற்றார். ஒப்புதல் தரப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்ட சட்ட முன்வரைவுகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2025 ஏப்ரல் 8 அன்று பத்து முன்வரைவுகள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று தீர்ப்பு வந்தது. இனி வழி திறந்தது என்று நினைத்தோம். மே 21 அன்று, நியமன அதிகாரம் தொடர்பான திருத்தங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கடந்த நவம்பர் 20 அன்று குடியரசுத் தலைவரின் கேள்விகளுக்குப் பதிலளித்த அரசியல் சாசன அமர்வு, ஒப்புதல் தந்ததாகக் கருதும் முறைக்கு இடமில்லை என்று கூறிவிட்டது. சட்டத்தின் நுட்பங்களை நீங்களும் உங்கள் வழக்கறிஞர்களும் எங்களைவிட நன்கு அறிவீர்கள். எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். 2023இல் முதலாண்டு சேர்ந்த பிள்ளை இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறது. முதல் சில வாரங்களைத் தவிர, அந்தப் பிள்ளை துணைவேந்தர் உள்ள பல்கலைக்கழகத்தில் படித்ததில்லை.

நிர்வாகம் நின்றுவிடவில்லை, உயர்கல்வித் துறைச் செயலாளர் தலைமையிலான குழு கவனித்துக்கொள்கிறது என்று பதில் வரும். ஒரு துறை முழுவதையும் சுமக்கும் அலுவலரால் 1857இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தையும் சேர்த்துச் சுமக்க முடியுமா? இதே பல்கலைக்கழகத்தில் ஏ. இலட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள், துணைவேந்தராக இருந்தார். அவ்வளவு நீண்ட காலம் ஒருவரே இருப்பது நல்லதா என்று விவாதிக்கலாம். ஒருவருமே இல்லாமல் இருப்பதை எப்படி விவாதிப்பது? 2024 பிப்ரவரியில், 424 கோடி ரூபாய் வரி நிலுவை என்று சொல்லி வருமான வரித் துறை பல்கலைக்கழகத்தின் 37 வங்கிக் கணக்குகளை முடக்கியது. மாநில அரசின் நிதி குறைந்துபோனதும் அந்தச் சிக்கலுக்கு ஒரு காரணம். சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் ஊழியர்கள் தவித்தார்கள். அந்த நேரத்தில் பல்கலைக்கழகத்துக்காக டெல்லிக்கும் கோட்டைக்கும் போய் வாதாட வேண்டியவரின் அறை காலியாக இருந்தது. ஆசிரியர் பணியிடங்களில் பாதிக்கும் மேற்பட்டவை நிரப்பப்படாமல் கிடக்கின்றன. 2024இல் பட்டமளிப்பு விழாவும் துணைவேந்தர் இல்லாமலே நடந்தது. பட்டத்தை வாங்கிய பிள்ளை அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கடற்காற்று படாமல் பீரோவில் துணிக்கு நடுவே வைக்கிறது. துணைவேந்தர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் அவர் கையெழுத்து இல்லாத பட்டம் அது.

பிற பல்கலைக்கழகங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கோவை பாரதியாரில் 2022 அக்டோபர் முதலும், அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்ட் முதலும் இதே நிலைதான். மதுரை காமராசரிலும் இதுவே.

எங்கள் ஏரியின் தென்கோடியில், பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. மீன் நன்றாக விழும் இடம் குறைவு, வலை போட விரும்புகிறவர்கள் அதிகம். ஆகவே எந்த ஊர், எந்தத் தலைக்கட்டு, எந்த நாள், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறார்கள். சண்டை வராமல் இருப்பதில்லை. வந்தால் ஊர்க்கூட்டத்தில் இரவு முழுக்கப் பேசுவார்கள், குரல் உயரும், சிலர் எழுந்து போவார்கள். ஆனால் யாருடைய உரிமை பெரியது என்று முடிவாகும்வரை எல்லாருடைய வலையும் கரையிலேயே கிடக்கட்டும் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் இரண்டு தரப்பு வீட்டிலும் அடுப்பு எரியாது. வழக்கு ஒரு பக்கம் நடக்கும், மீன்பிடிப்பும் நடக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் இருக்கும் கூட்டம் இதைச் செய்கிறது.

உங்களாலும் முடியும். மேற்கு வங்கத்தில் இதே தகராறு வந்தபோது 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முன்னாள் தலைமை நீதிபதி யு.யு. லலித் தலைமையில் தேடுதல் குழு அமைத்தது. கேரளத்தில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்காக 2025 ஆகஸ்டில் ஓய்வுபெற்ற நீதிபதி சுதான்ஷு துலியாவை நியமித்தது. நீதிமன்றம் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்றில்லை. வழக்கில் உள்ள உரிமைகளுக்குப் பாதகமின்றி, இந்த ஒரு முறைக்கு மட்டும் இருவரும் ஏற்கும் ஒரு குழுவை நீங்களே அமைக்கலாம். மானியக் குழுப் பிரதிநிதி அதில் இருப்பதால் மாநிலத்தின் சுயாட்சி சாய்ந்துவிடாது. அரசு சொல்லும் பெயரை ஏற்பதால் வேந்தர் பதவியின் மாண்பும் குறையாது.

நாங்கள் இதுவரை பொறுமையாக இருந்தோம். பொறுமை எங்களுக்குப் பழக்கம்தான், ஆனால் மூன்று ஆண்டுப் படிப்புக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எங்களுக்கு இப்போது வேண்டியது ஒரு தேதி. இந்தக் கல்வியாண்டு முடிந்து, 2023இல் சேர்ந்த பிள்ளைகள் கடைசித் தேர்வு எழுதிவிட்டு ரயிலேறி வீடு திரும்புமுன், இன்னாருக்குத் துணைவேந்தர் பொறுப்பு என்று நீங்கள் இருவரும் ஒரே ஆணையில் அறிவிக்க வேண்டும். வருகிறவர் முதலில் அந்தப் பிள்ளைகளின் பட்டங்களில் கையெழுத்திடட்டும். பிறகு ஒரு நாள் பொன்னேரிக் கல்லூரிக்கும் வரட்டும். அன்றைக்கு அவருக்கான வரவேற்பு மடலை நான் எழுதித் தருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஏரிக்கரைக் குடிமகன்
ஆரம்பாக்கம், டிசம்பர் 2025