பத்து நாள் தங்க வந்தவர் மூன்று மாதம் கேட்டால்

1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை இன்று வேலூரின் பொருளாதாரத்தையே தாங்கி நிற்கிறது. சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்துப் பெயர்ப்பலகைகள் சாதாரணம். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், பங்களாதேஷ் என்று வரும் குடும்பங்களுக்கு லாட்ஜ் அறைகளோடு வீட்டு மாடிகளும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. பத்து நாள் என்று சொல்லித்தான் வருகிறார்கள். பரிசோதனை முடிவு தாமதமாகும். அறுவை சிகிச்சைக்குத் தேதி தள்ளிப்போகும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை என்றால் ஏறத்தாழ 100 நாள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டியிருக்கும். ஆக, ‘இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமா?’ என்ற கேள்வி அந்த ஊரில் எதிர்பாராத ஒன்றல்ல. அதற்கு வீட்டுக்காரர் பெரும்பாலும் சொல்லும் பதில்தான் வில்லங்கம்: ‘பார்க்கலாம்.’ மறுக்க மனம் வராதபோதும், ஒப்புக்கொள்ளத் துணிவு வராதபோதும் நம் வாயில் வரும் சொல் அது. பழைய ஏற்பாட்டை அப்படியே இழுத்துக்கொண்டு போவதற்குப் பதில், நீட்டிப்பைப் புதிய ஒப்பந்தமாகப் பேசி எழுதிக்கொள்வதே இருவருக்கும் பாதுகாப்பு என்பது என் வாதம்.

நாள் கூடும்போது கேட்பவையும் மாறுகின்றன. முதல் வாரத்தில் கேட்பது ஒரு வெந்நீர் வாளி, கூடுதலாக ஒரு தலையணை. மூன்றாவது வாரத்தில் இண்டக்‌ஷன் அடுப்பு, பிறகு கேஸ் சிலிண்டர். ஊரிலிருந்து வரும் மைத்துனருக்கு ஒரு பாய். நாள் கணக்கை விட்டு மாதக் கணக்கில் வாடகை. கடைசியாக, ‘வெளியே போகும்போது எங்கள் பூட்டைப் போட்டுக்கொள்கிறோமே’ என்பார்கள். எல்லாமே நியாயமான கோரிக்கைகள்தான். ஆனால் அந்தப் பூட்டு மற்றவற்றைப் போன்றதல்ல. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்லும் ‘உரிமம்’, பிறர் இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி மட்டுமே. இடத்தின் மீது தனி அனுபவம் கைமாறினால் அதைக் குத்தகையாகப் பார்க்க இடமுண்டு. டெல்லி இம்பீரியல் ஹோட்டலில் முடிதிருத்தகத்துக்கு விடப்பட்ட அறைகள் பற்றிய வழக்கில், 1959-இல் உச்ச நீதிமன்றம் பத்திரத்தின் தலைப்பைப் பார்க்கவில்லை, உள்ளடக்கத்தைப் பார்த்தது. ‘உரிமம்’ என்ற பெயரில் எழுதப்பட்டது குத்தகை என்றே கொள்ளப்பட்டது. வாரந்தோறும் விரிப்பு மாற்றவும் அறையைப் பெருக்கவும் வீட்டுக்காரர் உள்ளே போய்வரும் வரை, வந்தவர் விருந்தினர் என்று வாதிடலாம். சாவி முழுதாக அவர் கைக்குப் போன பிறகு அப்படி வாதிடுவது கடினம்.

எழுதிக்கொடுத்தால் உரிமை வந்துவிடும், வாய்மொழியாகவே இருக்கட்டும் என்பது வீட்டுக்காரர்களிடம் ஊறிப்போன நம்பிக்கை. இது தலைகீழ். காகிதத்தில் இல்லாததை ஜிபே பேசும்: மாதம் பிறந்ததும் ஒரே தொகை வந்து விழுந்த பதிவு போதும், வாடகைக் குடித்தனம் என்று வாதிட. கலிஃபோர்னியாவில் 30 நாளைத் தாண்டினால் குடியிருப்பவருக்கான பாதுகாப்பு வந்துவிடும். 2014-இல் பாம் ஸ்பிரிங்ஸ் நகரில் ஏர்பிஎன்பி வழியாக 44 நாளுக்கு வீடு எடுத்தவர்கள் அதைக் காட்டியே வெளியேற மறுத்தார்கள். அங்கே கோடு எங்கே இருக்கிறது என்றாவது தெரியும். இங்கே அப்படி நாள் கணக்கு எதுவும் கிடையாது; நடந்துகொண்ட விதத்தை வைத்துத்தான் முடிவாகும். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் ஹோட்டல், தங்கும் விடுதி, தர்மசாலைகளை விலக்கி வைக்கிறது. மூன்று மாதம் விடப்பட்ட வீட்டு மாடி விடுதியா, வீடா? 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், குடித்தனம் என்றால் எழுத்து ஒப்பந்தமும் வாடகை ஆணையத்தில் பதிவும் வேண்டும் என்கிறது. தகராறு வந்தால் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி வெளியேற்றவும் அதில் வழியில்லை.

நோயாளியைக் கூட்டிவந்து பரிதவிப்பவரிடம் பத்திரமும் கையெழுத்துமா என்று கேட்பார்கள். கேள்வியில் ஈரம் இருக்கிறது. ஆனால் எழுத்தில்லாத ஏற்பாட்டில் அதிகம் இழப்பவர் அந்த நோயாளியின் குடும்பம்தான். கூடுதல் வாடகைக்கு வேறொருவர் வந்தால், ‘நாளைக்குக் காலி பண்ணுங்க’ என்பதைத் தடுக்க அவர்களிடம் என்ன இருக்கிறது? கீமோ சிகிச்சையின் நடுவே அறை தேடி அலைவதைவிடக் கொடுமை, தேதி போட்ட ஒரு தாளில் கையெழுத்திடுவதா? அடுத்த சிகிச்சைத் தேதி வரை அறை உறுதி என்று தெரிந்தால்தான் அவர்களும் ரயில் டிக்கெட்டையும் செலவையும் திட்டமிட முடியும்.

அந்தத் தாளில் முடிவுத் தேதி, புதிய வாடகை, யார் யார் தங்குகிறார்கள், சாவி யாரிடம், விரிப்பும் சுத்தமும் யார் பொறுப்பு என்பவை இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். கரண்டுக்குத் தனியாக ஒரு வரி வேண்டும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்குமேல் ஏற ஏறக் கட்டணம் கூடும் என்ற நம் ஊர்க் கணக்கில், விருந்தினரின் ஏசி ஓடும் மாதங்களில் பில் எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் நாளே சப்-மீட்டர் ரீடிங்கை இருவருமாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். வெளிநாட்டவர் என்றால் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை அரசுக்குத் தெரிவிப்பது தங்கவைப்பவரின் கடமை. நீட்டிப்புத் தேதி விசா தேதியைத் தாண்டாமலும் பார்க்க வேண்டும். குத்தகை என்றே ஆகிவிடும் அளவுக்கு நாள் நீளுமானால், ஒளிக்காமல் வாடகை ஒப்பந்தமாகவே எழுதிப் பதிந்துவிடுவது மேல். இடம் தர முடியாவிட்டால் அதையும் உடனே சொல்லலாம், நாலு தெரு தள்ளி வேறு அறை இருக்கிறது. மறுதேதிச் சீட்டோடு வாசலில் நிற்பவருக்கு அன்று மாலைக்குள் ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடுங்கள்.