"டெஸ்ட் தானே சேர்?"



ஒரு வாரமாக ஊருக்குள் ஒரு கதை ஓடுகிறது. நம் பிள்ளை ஒருவர் ஓபன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றுக்கு டெஸ்ட் எழுதி அனுப்பினாராம். அங்குள்ளவர்கள் ஏற்காமல் திருப்பிவிட்டார்களாம். முஸ்லிம் பெயரைப் பார்த்ததும் வெட்டிவிட்டார்களாம். அந்த மென்பொருள் என்ன தெரியுமா? ஸகாத் கணக்குப் பார்க்கும் மென்பொருள்! அதை நடத்துகிறவருக்கு முஸ்லிம் பெயர் பிடிக்காதாம். கதை கட்டுகிறவர்கள் கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா?

அந்தப் பிள்ளை என் மாணவர். அனுப்பியதை நான் வரி வரியாகப் பார்த்தேன். திருப்பியது சரி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டெஸ்ட் என்பது ஒரு நிரல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க எழுதும் இன்னொரு நிரல். சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு. நம்மவர் 14 டெஸ்ட் எழுதியிருந்தார், எல்லாம் பச்சை. பரிசீலித்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்: நிஸாப் பார்க்கும் வரியை அழித்துவிட்டு இதை ஓட்டிப் பார்த்தீர்களா?

இருவரும் உட்கார்ந்து அழித்துப் பார்த்தோம். 14உம் பச்சை.

அதாவது 85 கிராம் தங்கம் இல்லாதவரிடமும் அந்த மென்பொருள் ஸகாத் கேட்கும், டெஸ்ட் அதற்குத் தலையாட்டும். (வெள்ளிக் கணக்கு வேறு. மௌலவிமார் சண்டைக்கு வர வேண்டாம்.) காரணம், நிரலில் இருந்த இரண்டரை வீதச் சூத்திரத்தையே பிரதிபண்ணி டெஸ்டிலும் போட்டிருந்தார். விடையைக் கரும்பலகையில் எழுதி வைத்துவிட்டுப் பரீட்சை வைத்தால் வகுப்பே 100 எடுக்கும். அது பரீட்சையா? 84 கிராமுக்குப் பூச்சியம், 85க்கு ஸகாத் உண்டு என்று எல்லையில் நின்று, கையால் கணக்குப் பார்த்த விடையோடு ஒப்பிடுவதுதான் டெஸ்ட்.

"டெஸ்ட் தானே சேர், மென்பொருளில் நாங்க கை வைக்கல்லயே" என்கிறார்கள். இந்தத் "தானே"தான் என் கோபம். டெஸ்டை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை என்று தெரிந்துதான் 2024இல் எக்ஸ்ஸெட் என்ற சுருக்கு மென்பொருளில் ஒருவன் விஷம் வைத்தான். இரண்டு வருடத்துக்கு மேல் நல்லபிள்ளையாக உதவி செய்து நம்பிக்கை பெற்றவன். விஷத்தின் முக்கிய பாகத்தை ஒளித்து வைத்த இடம் டெஸ்ட் கோப்புகள். பழுதான கோப்பு வந்தால் மென்பொருள் என்ன செய்யும் என்று பார்க்கத்தானே என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். லினக்ஸ் கணினிகளுக்குள் தூரத்திலிருந்து நுழையும் கள்ளச்சாவி அது. ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியியலாளர் தன் கணினியில் நுழைய அரைச் செக்கன் அதிகம் எடுப்பதைக் கண்டு தோண்டியதால்தான் மார்ச் 29 அன்று அது வெளிவந்தது. இந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது, எப்படிச் செய்தீர்கள் என்று பரிசீலனையில் கேட்டால் நம்மவர்களுக்கு மூக்கு வியர்க்கிறது. கேட்கத்தான் வேண்டும்.

சில டெஸ்ட்கள் இன்னும் மோசம். பத்துத் தரம் ஓட்டினால் ஒரு தரம் காரணமில்லாமல் சிவப்பு. புலி வருது கதைதான். உண்மையான சிவப்பு வரும் நாளில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பரிசீலிப்பவர்களில் பலர் சம்பளமில்லாமல் இரவில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள். 2020 அக்டோபரில் ஒரு டீ-ஷர்ட்டுக்காக உலகம் முழுக்க இருந்து குப்பைத் திருத்தங்களைக் கொட்டி, ஏற்பாட்டாளர்கள் இடையிலேயே விதியை மாற்ற வேண்டி வந்தது. ஆனாலும் காரணம் சொல்லாமல் "வேண்டாம்" என்று மட்டும் எழுதி மூடுகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். விடைத்தாளில் சிவப்புக் கோடு மட்டும் கிழிக்கும் ஆசிரியருக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. இவர் அப்படிச் செய்யவில்லை. கேள்வி கேட்டார், அதுவும் நல்ல கேள்வி.

பழி என் மீதும் இருக்கிறது. விடை திரையில் வந்தால் சரி, புள்ளி போடு என்றுதான் நானும் படிப்பித்தேன். பிழையான தரவைக் கொடுத்து உடைத்துப் பார் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

14 டெஸ்ட் இப்போது ஐந்தாகியிருக்கிறது. நிஸாப் வரியை அழித்தால் இரண்டு சிவக்கிறது. நேற்று இரவு மறுபடி அனுப்பினார், பதில் இன்னும் வரவில்லை. மற்றவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு லெப்டொப்போடு வாருங்கள். உங்கள் டெஸ்ட்களையும் இதே மாதிரி அழித்துப் பார்ப்போம்.