பந்தல் நிழலில் வளர்ந்த இலை

சுருட்டு என்றாலே நெஞ்சைப் பிடிக்கும் காரம் என்று நினைப்பவர்கள், கனெக்டிகட் ஷேட் இலை சுற்றிய சுருட்டு ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். வெளிர் பழுப்பில் பட்டுபோல மெல்லிய மேலிலை. தடவிப் பார்த்தாலும் நரம்பு அதிகம் தட்டுப்படாது. புகையை நெஞ்சுக்குள் இறக்காமல் வாயிலேயே நிறுத்தி, நிமிடத்துக்கு ஒருமுறை நிதானமாக இழுத்தால் பாலாடையும் வறுத்த முந்திரியும் கலந்தாற்போல ஒரு சுவை நாக்கில் தங்கும். அவசரப்பட்டால் சூடேறிக் கசந்துவிடும். இந்த மென்மையைக் கொடுத்தது நிழல். அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1900 வாக்கில், சுமத்ரா இலையின் போட்டியைச் சமாளிக்க, வயலுக்கு மேலேயே மெல்லிய துணிப் பந்தல் போட்டார்கள். வெயில் வடிகட்டி இறங்கியது, ஈரப்பதம் உள்ளே தங்கியது, இலை தடிக்காமல் அகன்று விரிந்தது. அடியிலிருந்து மேலாக, முற்ற முற்ற, ஒவ்வோர் இலையாகக் கையால் ஒடிக்க வேண்டும்; கிழிந்த இலை மேல்சுற்றுக்கு ஆகாது.

சுவையை வாய் ஓயாமல் புகழ்கிறவர்கள் அந்தக் கைகளைப் பற்றியும் பேச வேண்டும். 1944 கோடையில் சிம்ஸ்பரி புகையிலைப் பண்ணையில், கல்லூரிச் செலவுக்குப் பணம் சேர்க்க அட்லாண்டாவிலிருந்து வந்து வேலை பார்த்தவர்களில் 15 வயது மார்ட்டின் லூதர் கிங்கும் ஒருவர். பக்கத்து ஹார்ட்ஃபர்ட் நகரின் நல்ல உணவகம் ஒன்றில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பற்றி, கறுப்பினத்தவரான தன்னால் இது முடிந்ததே என்ற நம்ப முடியாத ஆச்சரியத்தோடு அம்மாவுக்குக் கடிதம் எழுதினார்.